பேசக் கூடாத அஞ்சு நிமிஷம்

பேசக் கூடாதுன்னு சொல்லிட்டு ஜெசிந்தா சிஸ்டர் தக்காளியத் திருகி மேசையில வச்சுட்டாங்க, தக்காளின்னா நிஜத் தக்காளி இல்ல, தக்காளி மாதிரி ஒரு டைமர், குவைத்துல இருக்குற அவங்க தம்பி சமையலுக்குன்னு அனுப்புனது, அத ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்க, திருகி விட்டா டிக்கு டிக்குன்னு ஓடி அஞ்சு நிமிஷம் கழிச்சு ட்ரிங்குன்னு ஒரு கத்து. அதுவரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. செவுத்துல பெருசா ஒட்டிருக்கு: ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமரவும், கால் மேல் கால் போடக் கூடாது, பேசினால் மீண்டும் முதலிலிருந்து, இப்படிக்கு நிர்வாகம். எனக்குப் போயி இந்த ரூலு. அம்பத்திரெண்டு வயசுல முப்பது வருசமா வாயாலயே பொழச்சவன் நான், கோயில் கொடையிலயும் கல்யாண ரிசப்ஷன்லயும் பலகுரல் செண்பகராமன்னு போர்டு வச்சுப் பேசுனவன், என்ன அஞ்சு நிமிஷம் பேசாதன்னா மீனப் புடிச்சு நீந்தாதன்ன மாதிரி. ரூலு வந்ததே வெள்ளத்தாயி அக்காவாலதான். கைல பட்டையச் சுத்திக் காத்தடிக்கிற நேரத்துல பக்கத்துல இருந்தவ, ஒம் மருமக எப்படி இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டுட்டா. அவ்வளவுதான், அக்கா ஆரம்பிச்சுட்டா, மெஷின் நூத்தித் தொண்ணூறுன்னு காட்டிருச்சு, அலறியடிச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்தி மதுரைக்கு அனுப்புனாங்க, மதுரையில போயிப் பாத்தா நூத்தி இருவது. மருமக ஆம்புலன்ஸ்ல ஏறலல்ல. மறுவாரமே நிர்வாக அதிகாரி கோதண்டபாணி சார் ரூல ஒட்டிட்டாரு, அதோட ஒரு ரிஜிஸ்டரும் போட்டாரு, அவருக்கு ரிஜிஸ்டர் போடலன்னா தூக்கம் வராது. நேரம்னு ஒரு கட்டம், நோயாளி பேசினாரான்னு ஒரு கட்டம், என்ன பேசினார்னு ஒரு கட்டம். மாசக் கடைசியில அவரு கையெழுத்துப் போட்டு சீல் வச்சு மதுரை ஹெட் ஆபீசுக்கு அனுப்புறாரு. போன வாரம் சிஸ்டர் காட்டுனாங்க, என்ன பேசினார் கட்டத்துல, ‘ஃபேன் ஏன் சுத்தல என்றார்’, ‘ஏசுவே என்றார்’, ‘கொட்டாவி, பேச்சு அல்ல’. டிக்கு டிக்கு. ஃபேன் இன்னைக்கும் சுத்தல, இல்ல, சுத்துது, கடக் கடக்குன்னு, இந்த ஃபேன எனக்குப் பண்ண வரும், நாக்க அண்ணத்துல ஒட்டி, ச்சே, பண்ணாத, அதுவும் பேச்சுக்கணக்குல வந்துரும்.

மடியில ஒரு பேப்பர், மூணு பக்கம். மேல ஒரு பேனா, மூடி கழட்டியே வச்சுக் குடுத்துருக்காரு, அவசரத்தப் பாரு. உள்ள நொழையும்போதே கோதண்டபாணி சார் புடிச்சுக்கிட்டாரு, தோள்ல கையப் போட்டு, “செண்பகம், நம்ம குடும்பத்துல ஒருத்தர் நீங்க, ஒரு சின்னக் கையெழுத்து, கடைசி பக்கத்துல.” குடும்பம்ன்னு சொல்றதுக்கு முன்னாடி க்ஹும்னு ஒரு செருமல். அந்தச் செருமல நான் மூணு வருசமாக் கவனிக்கிறேன், பொய் வர்றதுக்கு முன்னாடி வர்ற செருமல் அது, ரயிலுக்கு முன்னாடி கேட் மூடுற மணி மாதிரி. வர்ற ஒண்ணாந்தேதியிலருந்து சாயங்கால ஓ.பி. கெடையாது. அதான் விஷயம். அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் இருந்த ஓ.பி. போயி, பதிலுக்கு போன்ல வீடியோ ஆலோசனை. நோயாளிகள் பிரதிநிதி சம்மதிக்கணும்னு ட்ரஸ்ட்டு விதி, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு மதுரை ஹெட் ஆபீஸ்ல கூட்டம், அதுக்குள்ள கையெழுத்த போட்டோ எடுத்து அனுப்பணுமாம், அந்த நோயாளிகள் பிரதிநிதி யாரு, சாட்சாத் நான். அது எப்படின்னு கேட்டா சிரிப்பீங்க. ஆண்டு விழாவுல மைக்கக் குடுத்தாங்க, சுகர் டாக்டர் மாதிரி பேசிக் காட்டவான்னு கேட்டேன், வேணும்ங்கிறவங்க கையத் தூக்குங்கன்னேன், மொத்தக் கூட்டமும் ரெண்டு ரெண்டு கையாத் தூக்குச்சு. அந்த நேரம் பாத்து ஓரத்துல கோதண்டபாணி சார் பிரதிநிதித் தேர்தலுக்கு ஓட்டு எண்ணிக்கிட்டு இருந்துருக்காரு. எண்ணி எழுதிட்டாரு. நானூத்திப் பதினாறு ஓட்டு, வந்தவங்க இரநூத்தி எட்டுப் பேரு. தமாசு பண்றவன் பிரதிநிதியா இருந்தா தொல்லையில்லன்னு அவரும் அப்படியே விட்டுட்டாரு, பெருமையா இருந்துச்சுன்னு நானும் விட்டுட்டேன். பிபி பாத்துட்டுப் போடுறேன் சார்ன்னு சொல்லித்தான் இந்த நாற்காலிக்குள்ள வந்து பதுங்குனேன். பதுங்குனேன்தான். வேற என்ன வார்த்த இருக்கு.

கதவுக்குள்ள தலைய நீட்டுறாரு. “ஆச்சா செண்பகம்?” நான் செவுத்துல இருக்குற போர்ட விரலால காட்டுனேன். அவரு போர்டப் பாத்தாரு, அவரு கையெழுத்தத் தானே பாத்தாரு, “ஓ, ஆமால்ல” ன்னுட்டுப் போயிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள குபுக்குன்னு ஒரு சிரிப்பு. கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தாரு, கையில டீ. “சக்கர போடலாமா?” “வேணாம் சார், பாதி போதும்.” ஜெசிந்தா சிஸ்டர் தக்காளியத் தூக்குனாங்க, மொகத்துல ஒரு அசைவு இல்ல. “பேசிட்டீங்க அண்ணாச்சி. மொதல்லருந்து.” திருகுனாங்க. ரிஜிஸ்டர்ல எழுதுனாங்க, பதினொண்ணு முப்பத்தொம்போது, ‘பாதி போதும் என்றார்’. அட. அட இது நல்லாருக்கே. நான் எப்பப் பேசுறேனோ அப்ப மொதல்லருந்து, மொதல்லருந்துன்னா கையெழுத்து தள்ளிப் போகும், தள்ளித் தள்ளிப் போயி பன்னெண்டு மணிக்கு மில்லுச் சங்கு ஊதிருச்சுன்னா இந்தப் பேப்பர் இல்லாமலே கூட்டம் ஆரம்பிச்சுரும், அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு. எல்லாம் டைமிங்தான், என் தொழிலே அதான். நாலு நிமிஷம் ஓட விட்டு, ட்ரிங்குக்கு ஒரு மூச்சு முன்னாடி, வாசல்ல போன ஆயாவப் பாத்து “என்ன பாக்கியம், மாப் போட்டாச்சா?” “போட்டாச்சுண்ணே, வழுக்கிறாதீங்க.” மொதல்லருந்து. ‘மாப் பற்றி விசாரித்தார்.’ அடுத்த தடவ ஒரு தும்மல் போட்டு சாரின்னேன். மொதல்லருந்து. வெளிய ஹால்ல வரிசையில இருக்குறவங்களுக்கு விஷயம் வெளங்கல, டோக்கன் நாப்பத்திமூணு கத்துறாரு, “சிஸ்டர், அவரு என்ன அங்கயே குடியிருக்காரா?” சிஸ்டர், “ரூலு.” அந்த ஒரு வார்த்தைய அவங்க சொல்ற தினுசு இருக்கே, இஸ்திரி போட்ட வார்த்த, மடிப்புக் கலையாத வார்த்த.

டிக்கு டிக்கு. ஆனா சிரிப்பு தங்க மாட்டேங்குது. குருவம்மா மொகம் வந்துருது. ஸ்பின்னிங் மில்லுல நூல் சுத்துற கோன் வைண்டிங்ல நிக்கிற பொம்பள, காலு நிக்க மாட்டாம நிக்கிறா, சுகரு, எடது கால் பெருவெரல்ல புண்ணு. நாலரைக்கு ஷிப்ட்டு விட்டு, பஸ் ஏறி, அஞ்சே காலுக்கு இங்க வந்து, கட்டுப் பிரிச்சுக் கட்டிக்கிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போறா. ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில வந்தா லீவு, மாசத்துல மூணு லீவுக்கு மேல போனா வேலையே இல்லன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். போன செவ்வாக்கெழம என்கிட்டத்தான் கேட்டா, “ஏ சாமி, போன்ல டாக்டரு பாப்பாருங்கிறாகளே, போனுக்குள்ள கைய விட்டா கட்டுக் கட்டுவாரு?” எல்லாரும் சிரிச்சாங்க. நான் அவள மாதிரியே சொல்லிக் காட்டுனேன், அப்பவும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டுக் கால நீட்டி, செருப்புக்கு மேல சுத்திருந்த துணியச் சரி பண்ணிக்கிட்டா. அந்த வெரலு போனா அப்புறம் பாதம், அப்புறம் முட்டி வரைக்கும், எனக்குத் தெரியும், எங்க தெருவுலயே ரெண்டு பேரு. அவ இந்நேரம் நூலுக்குள்ள நிப்பா, மூணு மாசம் கெடைக்கும் ஒனக்கு குருவம்மா, தும்மி வாங்கித் தர்றேன். தும்மலு. வெக்கமா இல்லையாடா செண்பகராமா. பிரதிநிதியாம், தும்முறானாம். ஏன் நேராச் சொல்ல வரல. இல்லங்கிற வார்த்த எத்தன வெச்சுருக்கேன் நான், ரேஷன் கடை இல்ல, மூக்குல வரும், பேங்க்குல நிமிந்து பாக்காமச் சொல்ற இல்ல, தாலுகா ஆபீஸ்ல டீ குடிச்சுக்கிட்டே சொல்ற இல்ல, கண்டக்டர் எடமில்ல, தலையாரி அய்யா ஊர்ல இல்ல, முப்பது வருசமாச் சேத்து வச்ச இல்ல, ஒவ்வொண்ணுக்கும் கைதட்டல் வாங்கிருக்கேன். எல்லாம் கவுண்டருக்கு உள்ள இருந்து வெளிய வர்ற இல்ல. வெளிய நிக்கிறவன் உள்ள பாத்துச் சொல்ற இல்ல ஒண்ணு கூட என்கிட்ட ஸ்டாக்கு கெடையாது.

கோதண்டபாணி சார் இந்தத் தடவ உள்ளயே வந்துட்டாரு. மணி பதினொண்ணு அம்பத்திரெண்டு. எதிர் நாற்காலிய இழுத்துப் போட்டு நிம்மதியா உக்காந்தாரு, செருமல் இல்ல, அதான் எனக்குத் திக்குன்னுச்சு, செருமாமச் சொன்னா அது நெசம். “பேச வேண்டாம் செண்பகம். தாராளமா பேசாம இருங்க. அதுவே போதும் எனக்கு. மூணாவது பக்கம், கீழ.” நான் பொரட்டுனேன். பொடி எழுத்து, கண்ணாடிய நெத்தியிலருந்து எறக்குனேன். ‘கூட்டம் தொடங்கும் முன், அதாவது பகல் 12 மணிக்குள், பிரதிநிதி தம் மறுப்பை நேரிலோ எழுத்திலோ தெரிவிக்காத பட்சத்தில், அவர் சம்மதித்ததாகவே கொள்ளப்படும்.’ “என்னது?” ன்னுட்டேன். “மொதல்லருந்து” ன்னாங்க சிஸ்டர். டிக்கு டிக்கு. அவரு சிரிச்சாரு. “அந்த ஒண்ணாந்தேதியிலருந்து ஹால்ல அறிவிப்பெல்லாம் ஒங்க குரல்லதான், ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டேன். டோக்கன் கூப்புடுறது, முகாம் செய்தி, தடுப்பூசி, எல்லாம். ஊரே கேக்கும்.” ஊரே கேக்கும். ஆச இருக்கத்தான் செய்யுது, இல்லன்னா பொய். அன்பான நோயாளிகளே, மாலை நேரப் பிரிவு இனி இயங்காது. ஆகா, அதுவும் என் குரல்லதான். பூட்டுன கேட்டுக்கு முன்னாடி குருவம்மா வந்து நின்னா அவளுக்கு அந்தச் சேதியச் சொல்றது நான்.

வாய் மரத்த மாதிரி இருக்கு. வலது பக்கம். இல்ல, சும்மா, பயம். வலது உதட்டோரத்த நாக்கால தடவிப் பாத்தேன், இருக்கு. அப்பாவுக்கு வலது பக்கந்தான் இழுத்துச்சு. அம்பத்திமூணு வயசு அப்ப, எனக்கு அடுத்த வருசம் அம்பத்திமூணு. அப்பா பஸ் ஸ்டாண்டுல மைக்குல சொல்றவரு, சங்கரன்கோயில், சங்கரன்கோயில் போற வண்டி மூணாவது ரேக்குல, பயணிகள் கவனத்துக்கு, அந்தக் குரலக் கேட்டு ஊரே ஓடும், நின்ன பஸ்சு கூட கௌம்பும். பிபி மாத்திரைய ஒழுங்காப் போடல, ஒரு காலையில பல்லு வெளக்கும்போது விழுந்தாரு, எந்திரிச்சப்ப ஒரே ஒரு வார்த்த மிச்சம். ஆமா. சாப்ட்டீங்களா, ஆமா. சாப்புடலையா, ஆமா. அய்யா இது செண்பகம்தான, ஆமா, யாரோ வேற ஆளு மாதிரி இருக்கேன்ல, ஆமா. மத்த வார்த்தையெல்லாம் எந்த ரேக்குல நிக்குதுன்னு தெரியாமப் போச்சு அவருக்கு. சித்தப்பா வந்தாரு, ஆஸ்பத்திரிக்கு அலைய வசதியா வீட்ட என் பேருக்கு மாத்திக்கிறேண்ணேன்னாரு, ஆமா. பத்திர ஆபீஸ்ல நாற்காலியோட தூக்கி வச்சோம், நான்தான் பின்னாடி புடிச்சேன், பதிவாளர் கேட்டாரு, பெரியவரே முழு சம்மதமா? ஆமா. சொல்லும்போது கண்ணு என்னத் தேடுச்சு. வாயி ஆமாங்குது, கண்ணு இல்ல இல்ல இல்லன்னு அடிச்சுக்குது, நான் பாத்தேன். இருவத்திநாலு வயசு எனக்கு. அப்பா குரல் என் தொண்டையில அச்சா இருந்துச்சு, ஊர்ல எவனும் வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாது, அவரு தலைக்குப் பின்னாடிதான் நின்னேன், ஒரே ஒரு இல்ல, அவரு குரல்ல, போட்டுருக்கலாம். போடல. சித்தப்பா பாத்துக்கிட்டு நின்னாரு. போடல நான். மூணு மாசத்துல வீடு போச்சு, நாலாம் மாசம் அப்பா. அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு சத்தம் இருந்துச்சு, டைப்ரைட்டர்தான், டிக்கு டிக்குன்னு, இதே மாதிரி, இந்தத் தக்காளி மாதிரியே. என் வாயில இப்ப என்ன வார்த்த இருக்கு. தேடுறேன். தேடுறேன், ஆமாதான் முன்னாடி வந்து நிக்குது, நாக்கு நுனியில, வழுக்கிக்கிட்டு, சும்மா இருந்தாலே அது போயி அந்தப் பேப்பர்ல உக்காந்துக்கும், வாயத் தெறக்காமயே ஆமான்னு சொன்னவனாகிப் போவேன், ஸ்ட்ரோக்கு வந்துதான் ஆமான்னு சொல்லணும்னு இல்லையேடா, நல்லா இருக்கும்போதே சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம். மணி அம்பத்தாறு. அவரு கைக்கடிகாரத்தப் பாக்குறாரு. தக்காளி ஓடுது. இன்னும் ஒரு நிமிஷத்துல அது கத்தும். மூச்சை இழு. இப்ப.

“சம்மதம் இல்ல.”

வந்துருச்சு. ஆனா வந்தது அப்பா குரல்ல. மைக்குக் குரல், பயணிகள் கவனத்துக்குக் குரல், அது பாட்டுக்கு அறையத் தாண்டி ஹாலுக்குப் போயி முட்டி நின்னுச்சு. ஹாலு பூராம் கொல்லுன்னு சிரிப்பு. “அய்யய்யோ, அந்தப் பழைய பஸ் ஸ்டாண்டு அய்யா!” நாப்பத்திமூணு கைதட்டுறாரு. “அண்ணாச்சி, தென்காசி வண்டி போயிருச்சா?” கோதண்டபாணி சார் தொடையத் தட்டிச் சிரிக்கிறாரு, “பிரமாதம் செண்பகம், இதையே விழாவுல பண்ணிருங்க. யாரு வாய்ஸ் அது?” பேப்பர என் மடியிலருந்து எடுக்கக் கைய நீட்டுறாரு. முப்பது வருசமா நான் சம்பாதிச்சது இதுதான், நான் என்ன சொன்னாலும் யாரு மாதிரின்னுதான் கேப்பாங்க. பேப்பர அமுக்கிப் புடிச்சேன். தொண்டையில ஒரு குரலும் இல்ல. அப்பா இல்ல, டாக்டர் இல்ல, கண்டக்டர் இல்ல. கரகரன்னு, பாதி ஒடஞ்சு, பொடி போடுறவன் மூக்கடைச்ச குரல் மாதிரி ஒண்ணு வந்துச்சு, மேடையில போட்டா காசு குடுக்க மாட்டாங்க.

“யாரு மாதிரியும் இல்ல சார். இது நான்தான். சாயங்கால ஓ.பி.ய மூட நான் சம்மதிக்கல. நோயாளிங்க சம்மதிக்கல.”

இப்ப யாரும் சிரிக்கல. ஹால்லருந்து ஒரு பொம்பளக் குரல், “மூடப் போறாகளா? சாயங்காலத்தையா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே.” நாற்காலி நகர்ற சத்தம். கோதண்டபாணி சாருக்குச் செருமல் வந்துருச்சு, பெருசா, ரெண்டு தடவ. “க்ஹும். ஆளு தமாசுக்குப் பேசுறவரு. இத மறுப்புன்னு எப்படி எடுத்துக்கிறது. எழுத்துல எதுவும் இல்லையே.” நான் பேனாவத் தேடுறேன், அது கீழ உருண்டு அவரு நாற்காலிக்கு அடியில போயிருச்சு, அவரு காலு அது மேல இருக்கு, தெரிஞ்சு வச்சாரா தெரியாம வச்சாரா தெரியல. ஜெசிந்தா சிஸ்டர் எந்திரிக்கல. ரிஜிஸ்டர இழுத்தாங்க, காதுல சொருகிருந்த பேனாவ எடுத்தாங்க, எழுதிக்கிட்டே, குரல ஒசத்தாம, இஸ்திரி போட்ட மாதிரி வாசிச்சாங்க.

“பதினொண்ணு அம்பத்தேழு. நோயாளி பேசினாரா, ஆம். என்ன பேசினார். மாலை ஓ.பி.யை மூடச் சம்மதமில்லை என்றார். நிர்வாக அதிகாரி உடனிருந்தார்.” பேனாவ மூடுனாங்க. “கட்டம் நீங்க போட்டதுதான சார். மாசக் கடைசியில சீல் வைக்க ஒங்ககிட்டத்தான் வரும். அவசரம்னா இப்பவே மதுரைக்கு போட்டோ எடுத்து அனுப்பிரவா?”

அவரு எந்திரிச்ச வேகத்துல நாற்காலி கவுந்துச்சு. வாசல்ல அதுக்குள்ள பத்துப் பதினஞ்சு தல. நாப்பத்திமூணு முன்னாடி நிக்கிறாரு, கையக் கட்டிக்கிட்டு, வழி விடல. நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் என்னப் பாத்தாங்க. மொகத்துல ஒரு அசைவு இல்ல, வேற யாரும் பாத்துருக்க மாட்டாங்க, எடது புருவம் மட்டும் ஒரு நூலு மேல போச்சு, நான் பாத்தேன், அதப் பண்ணிக் காட்ட எனக்கு இன்னும் பத்து வருசமாகும். தக்காளியத் திருகுனாங்க.

“பேசிட்டீங்க அண்ணாச்சி. மொதல்லருந்து.”

மில்லுச் சங்கு ஊதுது. நான் ரெண்டு காலையும் தரையில ஊனி, கைய மேசையில நீட்டி, வாய இறுக்க மூடிக்கிட்டேன்.